கோணப்பயறு

அக்டோபர் 12

விதைக் கிடங்கு துரை அவர்களுக்கு,

நீ பஸ்ஸில் ஏற்றிவிட்ட இரண்டு மூட்டையும் வந்து சேர்ந்தன. கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டு, "தம்பி அனுப்பியிருக்காரு. கொடுத்து வச்ச அக்கா நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டேன். அதே பஸ் திரும்பி வந்தபோது சோள மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டேன். கிணற்றை விற்ற காசில் வாங்கிய சோளம் என் அடுப்பில் ஏறாது.

அப்பா நிலத்தைப் பிரித்தபோது உனக்குக் கிணற்றுப் பக்கம், எனக்கு மேட்டுப் பக்கம். "அக்கா தம்பிக்குள்ள தண்ணிக்கு என்ன பங்கு" என்றார் அப்பா. நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். டவுனில் வீடு வாங்க நீ உன் பங்கை நம் ஊர் லாரிக்காரருக்கு எழுதிக் கொடுத்தது, அவர் வேலி போட ஆள் இறக்கிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சோளம் அனுப்ப மட்டும் கை வருகிறது.

விதை மூட்டையை வைத்துக்கொண்டேன். அதுவும் திரும்பியிருக்கும். உன் மச்சான்தான் தடுத்தார். "அது கிடங்குல எல்லாருக்கும் சும்மா குடுக்கறது. கோபம் உன் தம்பி மேல, விதை உன்னை என்ன பண்ணுச்சு" என்றார். மழை ஏமாற்றியதில் எங்கள் சோளப் பயிர் முழங்கால் உயரத்திலேயே கருகி நிற்கிறது. மிச்சமிருக்கும் ஈரத்துக்கு வேறு எதுவும் முளைக்காது என்பதால் அதை அழித்துவிட்டு இதைத் தூவப் போகிறோம். ஒவ்வொரு மணியும் கோணல்மாணலாக, உளி வைத்துச் செதுக்கிப் போட்டதுபோல் இருக்கிறது. சின்னவன் அதற்குள் கோணப்பயறு என்று பெயர் வைத்துவிட்டான். இது மனுஷன் தின்பதா, மாடு தின்பதா என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

உன் அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சோள மூட்டை திரும்பி வந்தது. அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பயறை மனுஷரும் தின்னலாம். ஆனால் இதைக் கவனமாகப் படி, மச்சானுக்கும் படித்துக் காட்டு. தண்ணீரே இல்லாத மண்ணிலும் அது விளையும், சத்தும் உண்டு. ஆனால் அதற்குள் ஒரு நஞ்சு இருக்கிறது. எப்போதாவது தின்றால் ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் அதையே தின்றால் இடுப்புக்குக் கீழே நரம்பைக் கெடுத்துவிடும். கால் போனால் போனதுதான் அக்கா, மருந்து கிடையாது. மூன்று பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு பயறு, அதற்கு மேல் சேர்க்காதே. முதல் நாளே நிறையத் தண்ணீரில் ஊறப்போடு. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவை. வெந்த தண்ணீரையும் வடித்துவிடு. பச்சையாகவோ வறுத்தோ யாரும் தின்னக் கூடாது, வயலில் காவல் இருப்பவர்கள் அப்படித்தான் கெட்டுப்போகிறார்கள் என்று எங்கள் பெரிய அதிகாரி சொன்னார்.

கூடவே கீரை நிறையச் சேர்த்துக்கொள். கிணற்று வாய்க்கால் ஓரத்தில் மணத்தக்காளியும் பருப்புக்கீரையும் எந்தப் பஞ்சத்திலும் இருக்குமே.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். "உங்க அக்கான்னா எனக்கும் அக்காதான், தண்ணிக்கு நான் பொறுப்பு" என்று லாரிக்காரர் என்னிடம் சொன்னார். அதைப் பத்திரத்தில் எழுதுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உன்னிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. எல்லாம் சரியாக நடந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

தம்பி


ஜனவரி 6

துரைக்கு,

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கால் போனா உன் தம்பி வந்து தூக்கிட்டுப் போகட்டும்" என்று சிரித்தார். உன்னைப் பற்றிப் பேசினால் அவருக்கு மட்டும் கோபமே வருவதில்லை. எங்கிருந்து வாங்கிக்கொண்டு வந்தாரோ இந்தக் குணத்தை.

ஊறிய தண்ணீரைக் கொட்டச் சொல்கிறாய், வெந்த தண்ணீரையும் கொட்டச் சொல்கிறாய். லாரிக்காரர் வேலிக்கு வெளியே ஒரு குழாய் வைத்திருக்கிறார். காலையில் வீட்டுக்கு இரண்டு குடம். அதில்தான் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, ஆட்டுக்கு வைக்க. நீ சொல்கிறபடி செய்ய வேண்டுமென்றால், கொட்டுவதற்கென்றே ஒரு கிணறு வேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது.

வாய்க்கால் ஓரத்துக் கீரையை நினைவு வைத்திருக்கிறாயே, அதற்கு உன்னைப் பாராட்ட வேண்டும். யாரும் விதைக்காமல், நாம் குளித்த தண்ணீரையும் துவைத்த தண்ணீரையும் குடித்து வளர்ந்தது அது. லாரிக்காரர் வாய்க்காலை மூடிக் குழாய் பதித்துவிட்டார். வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்தாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் மண் சுத்தமாக, மொட்டையாகக் கிடக்கிறது. பெரியவளுக்கு வாயோரம் வெடித்துவிட்டது. நர்சம்மா வந்து அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையேம்மா, தினம் ஒரு கை கீரை குடு. காசா பணமா" என்றார். சரி என்று தலையாட்டினேன். வீட்டு முருங்கையை மொட்டையடித்தாகிவிட்டது. இனி அது துளிர்த்தால்தான் உண்டு.

கோணப்பயறு மட்டும் வெட்கமில்லாமல் வளர்கிறது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, நம் மேடு மட்டும் நீலப் பூவாக நிற்கிறது. அடியில் பிஞ்சும் பிடித்துவிட்டது. ஆடு மாடு வாய் வைக்காமல் உன் மச்சான் பகலெல்லாம் காவல். குதிரில் போன வருஷத்துச் சோளம் கொஞ்சம் இருக்கிறது. விதைத்தது போக மிஞ்சிய பயறை நீ சொன்ன கணக்கில்தான் அதோடு கலக்கிறேன், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உன் மச்சானுக்கு வயசாகிவிட்டது. மத்தியானம் கஞ்சி கொண்டுபோனால், "பசியில்ல, புள்ளைங்களுக்குக் குடு" என்கிறார். சட்டியைச் சுரண்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும்படி தின்ற மனுஷன். மாமியார் வீட்டு விருந்தில் உன் இலையிலிருந்து எடுத்துத் தின்றவர். எனக்கும் ஒரு வாய் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து குழாயைத் திறக்கும்போதெல்லாம் உன் இரண்டு குடம்தான் கண்ணில் நிற்கிறது. என் வீட்டில் குழாய் சொட்டுகிறது, ரிப்பேர் செய்ய ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

நான் லாரிக்காரரிடம் நேரில் பேசுகிறேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது.

மச்சானுக்குப் பசி எடுக்கவில்லை என்றால் ஈரலில் ஏதாவது இருக்கலாம். அடுத்த முறை நர்சம்மா வந்தால் காட்டு. பெரியவளுக்குப் புளிப்பாக ஏதாவது கொடு, எலுமிச்சையோ நெல்லியோ எதுவானாலும் சரி.

ஒன்று கேட்கிறேன். என் சம்பளத்தில் வாங்கிய சோளம் கொஞ்சம் வைத்திருக்கிறேன். கிணற்றுக் காசு இல்லை, சத்தியமாக என் சம்பளக் காசு. அனுப்பட்டுமா? 'ம்' என்று ஒரு எழுத்து எழுதினால் போதும், மறுநாள் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 3

துரைக்கு,

நீ வந்தாயாம். லாரிக்காரர் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றாயாம். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாராம். பேசிவிட்டு வெளியே வந்து, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாயாம். குழாயடியில் ஊரே பேசுகிறது. "உன் தம்பி வந்தாரே, என்ன வாங்கிட்டு வந்தாரு" என்று கேட்டவளிடம், "ஜாங்கிரி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் புண்ணியத்தில் இப்போது மூன்று குடம். சந்தோஷப்படு. ஆனால் நீ வாசல் வரை வந்திருந்தால் திட்டியிருப்பேன், அப்புறம் சாப்பிடச் சொல்லியிருப்பேன். உன் மச்சான் அன்றைக்கெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோளத்தைப் பற்றி நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதும் மனநிலையில் நான் இல்லை.

பயறு அறுத்தாகிவிட்டது. அடுக்குப்பானை நிறைந்து, தகர டப்பா நிறைந்து, மிச்சத்தைப் பழைய தலையணை உறையில் கட்டி வைத்திருக்கிறேன். குதிரில் சோளம் அடியைத் தொட்டுவிட்டது. கலவையில் சோளம் குறைகிறது, பயறு ஏறுகிறது. வேறு வழி தெரியவில்லை.

அறுப்பில் உன் மச்சான் இரண்டு தடவை விழுந்தார். கெண்டைக்கால் கட்டை மாதிரி இருக்கிறது என்று என்னை மிதிக்கச் சொல்கிறார். மிதித்தும் இளகவில்லை. நேற்றிலிருந்து குதிகால் தரையில் பதியாமல் விரல் நுனியில் நடக்கிறார். "என்ன, இந்த வயசுல டான்ஸ் கத்துக்கறீங்களா" என்று கேட்டேன். பிள்ளைகளும் பின்னாலேயே நுனிக்காலில் நடந்து காட்டினார்கள். எல்லாரும் சிரித்தோம்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

பயறை நிறுத்து. இந்தக் கடிதத்தைப் படித்த நிமிஷம் நிறுத்து, யாரும் ஒரு மணி தின்னக் கூடாது. மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. சிரிக்காதே, நுனிக்கால் நடை அதனுடைய முதல் அடையாளம். நான் அனுப்பியிருக்கும் சோளத்தைத் திருப்பி அனுப்பினால் மறுபடி அனுப்புவேன், மறுபடியும் அனுப்புவேன். கண்டக்டருக்கு நம்மைப் பார்த்து அலுக்கட்டும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீ கலந்துதானே சமைத்தாய்? எல்லாரும் ஒரே சட்டியில்தானே தின்றீர்கள்? அவருக்கு மட்டும் எப்படி?

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

சோளம் வந்தது. அவிழ்த்தேன். அன்றைக்கே கஞ்சி வைத்தேன். திருப்பி அனுப்பும் திமிர் எல்லாம் இப்போது என்னிடம் இல்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சின்னப் பையன். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார், கால் உதைத்துக்கொண்டு எழும்பியது. மறு காலிலும் அப்படியே. "என்ன சாப்பிடறீங்க" என்று கேட்டார். நான் பயறைச் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். "இனிமே அதைத் தொடாதீங்க. இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். போனது வராதும்மா" என்றார். ஆறுதலுக்குச் சத்து மாத்திரை ஒரு பட்டை கொடுத்தார்.

நீ கேட்டதையே நானும் பஸ்ஸில் கேட்டேன். "எல்லாரும் ஒரே சட்டியிலதானே தின்னோம். உங்களுக்கு மட்டும் எப்படிங்க" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. அப்புறம் சொன்னார். பிஞ்சு பிடித்ததிலிருந்தே காவல் இருக்கும்போது பச்சைக் காயைப் பறித்துத் தின்றாராம். முற்றியதும் சருகைக் கொளுத்தி அதில் வாட்டித் தின்றாராம். வயிறு நிறையும் வரைக்கும், தினமும். அதனால்தான் வீட்டில் பசியில்லை.

"தெரிஞ்சுமா தின்னீங்க? நான் படிச்சுக் காட்டலையா?" என்றேன்.

"தெரியும். கொஞ்ச நாள்தானே, அதுக்குள்ள மழை வந்துடும்னு நெனச்சேன்" என்றார். அப்புறம், "கடைசிக் கரண்டிய கையில வச்சுக்கிட்டு யாருக்கு ஊத்தறதுன்னு நீ முழிப்பியே. அதைப் பாத்துட்டு உக்கார முடியல" என்றார்.

நான் பஸ் என்றும் பார்க்காமல் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, "என்னக்கா ஆச்சு" என்றார். என்ன சொல்வது? அவர் கஞ்சியை மிச்சம் வைத்தபோது லாபம் என்று நினைத்தவள் நான். அதை உனக்கு நக்கலாக எழுதவும் செய்தேன். நீயும் படித்துவிட்டு ஈரல் என்று எழுதினாய். நாம் இரண்டு பேரும் கிணற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊறிய தண்ணீரை நான் ஒரு நாளும் கொட்டவில்லை. அதிலேயேதான் வேகவைத்தேன். பிள்ளைகளும் அதைத்தான் தின்றார்கள். இப்போது தினமும் காலையில் இரண்டு பேரையும் வாசலிலிருந்து வேலி வரைக்கும் ஓடவிட்டுப் பார்க்கிறேன். குதிகால் பதிகிறதா என்று மண்ணில் தடம் பார்க்கிறேன். அவர்களுக்கு அது பந்தயம். யார் ஜெயித்தது என்று என்னைக் கேட்கிறார்கள்.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

மச்சான் போல இன்னும் பல பேர். பக்கத்து ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரி பெஞ்சு நிறைய வந்துவிட்டார்களாம். முக்கால்வாசிப் பேர் நான் மூட்டை தூக்கிக் கொடுத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னேன் அக்கா, உனக்கு எழுதியதைத்தான் சொன்னேன். எல்லாரும் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒருவர்கூட, சோளத்துக்கு எங்கே போவது, கொட்டத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கவில்லை. விதை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள். நானும் கேட்கவில்லை.

கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். யாராவது ஒருவரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று என்னை அனுப்பிவிட்டார்கள். இப்போது மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறேன். முதுகு பழகிவிட்டது. கூலியில் சோளம் வாங்கிச் சேர்க்கிறேன், கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். முன்போல முழு மூட்டை முடியவில்லை. முக்கால் வருகிறதா, அரை வருகிறதா என்று பார்க்காதே, வருவதை வாங்கிக்கொள்.

லாரிக்காரரிடம் மறுபடி போனேன். வீட்டை விற்றுத் தருகிறேன், கிணற்றையாவது திருப்பிக் கொடுங்கள் என்று நின்றேன். இந்த முறை நாற்காலி போடவில்லை. "வித்தது வித்ததுதான் தம்பி. நாளைக்கு நான் எதை வச்சு விவசாயம் பண்றது" என்றார். அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. அன்றைக்கும் உன் வாசலுக்கு வர முடியவில்லை. மச்சான் எழுந்து வந்து கையைப் பிடிப்பார், அதுதான் அவர் வழக்கம். இனி அவரால் முன்போல எழுந்து வர முடியாது என்பது தெருமுனையில்தான் உறைத்தது. அப்படியே திரும்பிவிட்டேன்.

கையில் இருக்கும் பயறை எரித்துவிடு. இனி அதை விதைக்காதே. எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள், இருக்கிற இரண்டு அறையில் முடங்கிக்கொள்ளலாம்.

தம்பி


ஜூன் 21

தம்பி,

மழை வந்துவிட்டது. போன வருஷம் காட்டாத தாராளத்தை எல்லாம் இந்த வாரம் காட்டுகிறது. கூரை ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்திருக்கிறேன். கொட்ட இடமில்லாமல் தண்ணீர்.

உன் மச்சான் இப்போது கையில் செருப்பை மாட்டிக்கொண்டு நகர்கிறார். டாக்டர் சொன்னதுபோல அதோடு நிற்கவில்லை. முதலில் இரண்டு கம்பு ஊன்றினார், அதுவும் போய்விட்டது. முழங்கால் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கிறது. "செருப்பு தேயறது குறைஞ்சுடுச்சு பாரு" என்று சின்னவனிடம் சொல்கிறார். அவன் சிரிக்கவில்லை. உன்னிடம் வர மாட்டேன் என்கிறார். "தூக்கிட்டுப் போகட்டும்னு சொன்னது விளையாட்டுக்கு. நெஜமாவே தூக்க வச்சுடாத" என்கிறார்.

நீ எரிக்கச் சொன்ன பயறை எரிக்கவில்லை. நேற்று அதில் பாதியை மேட்டில் விதைத்தேன். திட்டாமல் கேள். சோளம் போட வேண்டுமென்றால் உழ வேண்டும். உழுதவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆள் வைத்து உழ வழியில்லை. நீ அனுப்பும் சோளத்தை விதைத்தால் கஞ்சிக்கு இல்லை. கோணப்பயறுக்கு உழவும் வேண்டாம், ஆளும் வேண்டாம், மழை நின்றாலும் பரவாயில்லை. ஈர மண்ணில் கையால் இறைத்துவிட்டு வந்துவிடலாம். நான் இறைக்கும்போது அவர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கும் வேறு யோசனை இல்லை.

வேலியோரம் எங்கேயோ தப்பிய ஒரு பருப்புக்கீரைக் கொடி துளிர்த்திருந்தது. கிள்ளிக்கொண்டு வந்து கஞ்சியில் போட்டேன். நான்கு இலைதான் இருக்கும், பெரியவள் தட்டிலேயே அத்தனையும் விழுந்தது. அவள் வாய்ப்புண் ஆறி வருகிறது. இரண்டு பேருக்கும் தடம் சரியாகத்தான் விழுகிறது. தினம் பார்க்கிறேன். அவர்களுக்கும் உன் மச்சானுக்கும் உன் சோளத்தைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை. மூன்று பேருக்கு அது சரியாக வருகிறது.

நேற்றுத் தட்டு வைக்கும்போது பெரியவள், "நீ சாப்பிடலையாம்மா" என்றாள்.

"பசியில்ல" என்றேன்.

உன் மச்சான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மிச்சப் பயறு இருக்கும் அடுக்குப்பானையைப் பார்த்தார். தன் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். மறுபடியும் தள்ளினார், மறுபடியும் வைத்தேன். முன்பானால் கோபித்துக்கொண்டு எழுந்து வயலுக்குப் போயிருப்பார். இப்போது எழ முடியாது அல்லவா, அங்கேயே உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அக்கா